ஏழு மாதத்தில் இரண்டு டின்: ஒரு வீட்டு எண்ணெயும் ஐந்து ரத்த ரிப்போர்ட்டும்

நான் ஈரோட்டில் டயட்டீஷியன். என்னிடம் வந்த ஒரு குடும்பத்தில் நடந்ததை அவர்கள் சம்மதத்தோடு எழுதுகிறேன், பெயர் எதுவும் கிடையாது. எண்ணெயை மாற்றினால் கொலஸ்ட்ரால் மாறுமா என்று வாரத்துக்கு நாலு பேராவது கேட்கிறார்கள். மாறும். ஆனால் எண்ணெயை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எதை வைக்கிறோம் என்பதில் நானே இந்த வீட்டில் ஒரு தப்புப் பண்ணினேன், அதனால் எண்களோடு முழுசாக எழுதி வைக்கிறேன்.

பின்னணி

அவருக்கு வயது 51. ஜவுளிக் கடையில் கணக்குப் பார்க்கிறார். காலை ஒன்பதரைக்குக் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் இரவு ஒன்பதுக்குத்தான் எழுவார், மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்து போவது மட்டும்தான் நடமாட்டம். வீட்டில் மனைவி (46), அம்மா (74), சனி ஞாயிறு மட்டும் காலேஜ் ஹாஸ்டலில் இருந்து வரும் பையன். அப்பா 53 வயதில் மாரடைப்பில் போனவர். இந்த ஒரு விஷயம் பின்னால் முக்கியமாகும்.

2023 ஆகஸ்டில் கடை சார்பில் நடந்த முகாமில் எடுத்த ரிப்போர்ட் ஒன்று இருந்தது. மொத்தக் கொலஸ்ட்ரால் 208, எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால் என்பார்கள்) 131, எச்டிஎல் (நல்ல கொலஸ்ட்ரால்) 39, ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் ஓடும் இன்னொரு கொழுப்பு) 190. (எல்லாம் மில்லிகிராம், ஒரு டெசிலிட்டர் ரத்தத்துக்கு.) நம் ஊரில் உட்கார்ந்து வேலை பார்க்கிற ஐம்பது வயது ஆண்களிடம் அச்சடித்தது போல வரும் ரிப்போர்ட் இது: எல்டிஎல் கொஞ்சம் கூட, எச்டிஎல் குறைவு, ட்ரைகிளிசரைடு கூட. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்போது வீட்டில் சமையலுக்குக் கடலை எண்ணெய், இட்லிப் பொடிக்கு நல்லெண்ணெய்.

2024 தைப் பொங்கலுக்கு மனைவியின் அண்ணன் வந்தார். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கிறார். சொந்தக் காய், காங்கேயத்தில் ஆட்டியது என்று 15 கிலோ டின் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார். அதே சமயம் இவருக்கு போனில் ஒரு வீடியோ. தேங்காய் எண்ணெய்தான் அமிர்தம், கடலை எண்ணெய், ரீஃபைண்ட் எல்லாம் வியாபாரிகள் கட்டிவிட்டது, காலையில் வெறும் வயிற்றில் இரண்டு கரண்டி குடித்தால் கொழுப்பு கரையும் என்று. இவர் எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை. அன்றிலிருந்து தாளிப்பு, பொரியல், தோசை எல்லாம் தேங்காய் எண்ணெய், காலையில் வரக்காப்பியில் இரண்டு மேசைக்கரண்டி, அப்புறம் "நல்ல கொழுப்பு" என்று மதியம் சோற்றில் நெய்.

ரிப்போர்ட்

2024 ஆகஸ்ட். வேறு லேப், 12 மணி நேரம் வெறும் வயிற்றில் எடுத்தது. மொத்தம் 253, எல்டிஎல் 173, எச்டிஎல் 45, ட்ரைகிளிசரைடு 175. எடை 78-லிருந்து 80 கிலோ.

அவர் என் அறைக்குள் வந்ததும் முதலில் காட்டியது எச்டிஎல்லைத்தான். "பாருங்க மேடம், நல்ல கொலஸ்ட்ரால் 39-ல இருந்து 45 ஆயிருக்குதுங்க." மனைவி பக்கத்தில் உட்கார்ந்து எதுவும் பேசாமல் 173-க்குக் கீழே பேனாவால் கோடு போட்டு வைத்திருந்தார்.

இரண்டு பேர் சொல்வதும் சரிதான். தேங்காய் எண்ணெயில் கிட்டத்தட்ட பாதி லாரிக் அமிலம், அதற்கு அடுத்தபடி மிரிஸ்டிக் அமிலம். லாரிக் அமிலம் எச்டிஎல்லையும் ஏற்றும், எல்டிஎல்லையும் ஏற்றும். 2020-ல் 16 சோதனைகளை ஒன்றாகச் சேர்த்து அலசிய ஆய்வு ஒன்று வந்தது. மற்றத் தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் தேங்காய் எண்ணெய் எல்டிஎல்லை சராசரியாகப் பத்தரை, எச்டிஎல்லை 4 ஏற்றுகிறது என்று அதில் கணக்கு. எச்டிஎல் ஏறியதற்காகச் சந்தோஷப்படலாமா என்றால், எச்டிஎல்லை மருந்து கொடுத்து ஏற்றிப் பார்த்த பெரும்பாலான பெரிய சோதனைகளில் மாரடைப்பு குறையவில்லை. எல்டிஎல் அப்படியில்லை, அது ஏறுவதற்கும் ரத்தக்குழாய் அடைப்புக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது.

ஆனால் சராசரி பத்தரை, இவருக்கு ஏறியதோ 42. லேப் மாறியிருக்கிறது, ஒரே ஆளுக்கு எல்டிஎல் வாரத்துக்கு வாரம் சுமார் 8 சதவீதம் தானாகவே ஏறி இறங்கும், இதையெல்லாம் கழித்தாலும் 42 பெரிய எண். அதனால் உடனே எண்ணெயைக் கைகாட்டவில்லை. குடும்ப டாக்டரிடம் பேசி தைராய்டு பார்க்கச் சொன்னேன், ஏனென்றால் தைராய்டு சுரப்பு குறைந்தால் எல்டிஎல் இப்படித்தான் ஏறும். டிஎஸ்எச் (தைராய்டுக்கான ரத்தச் சோதனை) சரியாக இருந்தது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 6.0, அதாவது சர்க்கரை வாசல்படியில் நிற்கிறது.

அம்மாவையும் ஒரு தடவை ரத்தம் கொடுக்கச் சொன்னோம். "எழுபத்தி நாலு வயசுல எனக்கு எதுக்கு கண்ணு ஊசி" என்று முடித்துவிட்டார். மனைவி எடுத்தார், எல்டிஎல் 126. அவருக்குப் பழைய ரிப்போர்ட் இல்லாததால் ஏறியதா இல்லையா என்று சொல்ல வழியில்லை.

சமையலறையில் பார்த்தது

"எவ்வளவு எண்ணெய் ஊத்துவீங்க?" என்று கேட்டால் எல்லா வீட்டிலும் ஒரே பதில்: கொஞ்சமாத்தானுங்க. அதனால் நான் அதைக் கேட்பதை விட்டு ரொம்ப நாள் ஆகிறது. எத்தனை நாளுக்கு ஒருமுறை வாங்குகிறீர்கள் என்றுதான் கேட்பேன். இங்கே அந்த வேலைகூட இல்லை. ஏழு மாதத்தில் இரண்டு டின் காலி, மூன்றாவது டின்னை அந்த வாரம்தான் உடைத்திருந்தார்கள்.

கணக்குப் போட்டோம். 30 கிலோ. அம்மா தலைக்குத் தேய்த்ததும் விளக்குக்கு ஊற்றியதும் ஒரு கிலோ என்று தள்ளினால் 29. 210 நாள். ஒரு நாளைக்கு 138 கிராம். அதில் இவருடைய காலை இரண்டு கரண்டி 27 கிராம். மீதி 111 கிராமை மூன்றே கால் ஆளுக்குப் பிரித்தால் (பையன் சனி ஞாயிறு மட்டும்) ஆளுக்குச் சுமார் 34 கிராம். ஆக இவருக்குச் சுமார் 60 கிராம், நெய் ஒரு 10 கிராம் தனி. ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2011-ல் கொடுத்த வழிகாட்டியில் உடலுழைப்பு குறைந்த ஆணுக்கு ஒரு நாளைக்கு 25 கிராம் எண்ணெய், பெண்ணுக்கு 20 கிராம்.

இன்னொரு கணக்குதான் அவரை உட்கார வைத்தது. தேங்காய் எண்ணெயில் நூற்றுக்குச் சுமார் 85 பங்கு நிறைவுற்ற கொழுப்பு (எளிதில் கட்டியாக உறையும் வகை), நெய்யில் 60-க்கு மேல், கடலை எண்ணெயில் 18 அளவில். முன்பு 34 கிராம் கடலை எண்ணெயில் அவருக்குக் கிடைத்த நிறைவுற்ற கொழுப்பு 6 கிராம். இப்போது 57. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குள், 2000 கலோரிக்குச் சுமார் 22 கிராம். கணக்குப்பிள்ளை இல்லையா, என் கையிலிருந்த பேப்பரை வாங்கித் தானே ஒருமுறை போட்டுப் பார்த்தார். விடை மாறவில்லை.

வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது எண்ணெய்த் தூக்குக்குள்ளேயே ஒரு குழிக்கரண்டி கிடந்தது. மனைவி "ஒரு கரண்டி" என்றது அதைத்தான். இருமல் டானிக் பாட்டிலின் மூடியை வைத்து அளந்தேன், 10 மில்லி மூடி மூன்றரை பிடித்தது. 35 மில்லி. குழம்புத் தாளிப்புக்கு ஒன்று, பொரியலுக்கு ஒன்று, ரசத்துக்கு அரை. "நான் சின்னக் கரண்டின்னுதானுங்க நெனச்சிட்டிருந்தேன்" என்றார் அந்தம்மா. அந்தக் கரண்டி அவர் மாமியார் காலத்துக் கரண்டி, அதை யார் சந்தேகப்படுவார்கள்?

பரணில் ரேஷன் பாமாயில் பாக்கெட் மூன்று இருந்தது. பையன் வரும் நாளில் அப்பளம், வடை, உருளைக்கிழங்கு பொரிக்க. பாமாயிலில் நிறைவுற்றது 45 பங்கு போல, தேங்காய் எண்ணெய்க்கும் கடலை எண்ணெய்க்கும் நடுவில். இதைப் பற்றி ஒன்று சொல்லணும். மொரீஷியஸ் தீவில், நம் ஆட்கள் நிறையப் பேர் நூற்றைம்பது வருடத்துக்கு முன்னாலேயே போய்க் குடியேறிய இடம், 1987-ல் அரசாங்கம் ரேஷன் எண்ணெயைப் பெரும்பாலும் பாமாயிலாக இருந்ததிலிருந்து சோயா எண்ணெய்க்கு மாற்றியது. ஐந்து வருடத்தில் மக்களின் சராசரிக் கொலஸ்ட்ரால் 213 அளவிலிருந்து 182 அளவுக்கு இறங்கியது. மற்ற நடவடிக்கைகளும் கூடவே நடந்தன என்றாலும் எண்ணெய்க்கு அதில் பெரிய பங்கு உண்டு. நம் ரேஷன் கடையில் லிட்டர் 25 ரூபாய்க்குப் பாமாயில் வாங்கும் குடும்பத்திடம் போய் அதைப் போலப் பல மடங்கு விலையில் செக்குக் கடலை எண்ணெய் வாங்குங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அளவைக் குறையுங்கள் என்று மட்டும் சொல்வேன். இந்த வீட்டுக்கு அந்த நெருக்கடி இல்லை.

அப்புறம் தேங்காய். தினம் ஒரு மூடி, சட்னிக்கும் குழம்புக்கும். ஆளுக்கு 15 கிராம் கொழுப்பு அதிலேயே வந்துவிடுகிறது. ஆனால் 2023-லும் அதே ஒரு மூடிதான் போய்க்கொண்டிருந்தது, அதனால் ஏறிய 42-க்கு அதைக் குற்றம் சொல்ல முடியாது. இதைக் குறித்து வைத்துக்கொண்டேன்.

அவருடைய வாதமும் என் பதிலும்

"மலையாளத்துக்காரங்க காலங்காலமா இதைத்தானுங்க சாப்பிடறாங்க." இந்தக் கேள்வி வராத நாள் இல்லை. பசிபிக் கடலில் டோகெலாவ், புகாபுகா என்று இரண்டு தீவுக்கூட்டம் இருக்கிறது, இந்த வாதத்துக்கு எல்லோரும் எடுத்துக்காட்டுவது அதைத்தான். 1981-ல் வெளியான ஆய்வு. டோகெலாவ் மக்களுக்குக் கலோரியில் 63 சதவீதம் தேங்காயிலிருந்து, புகாபுகாவில் 34. இரண்டு இடத்திலும் இதய நோய் அரிது, அது உண்மை. ஆனால் வீடியோவில் சொல்லாமல் விடுவது, டோகெலாவ்காரர்களுக்குக் கொலஸ்ட்ரால் புகாபுகாக்காரர்களைவிட 35 முதல் 40 வரை கூடுதலாக இருந்தது என்பதை. அவர்கள் தேங்காயும் மீனுமாகச் சாப்பிட்டு உடம்பால் உழைத்தவர்கள். நீங்கள் தேங்காய் எண்ணெயோடு அரிசிச் சோறும் பன்னிரண்டு மணி நேர நாற்காலியும் சேர்த்து வைத்திருக்கிறீர்கள் என்றேன். சிரித்தார்.

உடம்புக்குள் நடப்பதையும் சுருக்கமாகச் சொன்னேன். ரத்தத்தில் ஓடும் எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுக்கக் கல்லீரல் செல்களின் மேல் வாங்கிகள் இருக்கின்றன. இவற்றைக் கண்டுபிடித்த பிரவுன், கோல்ட்ஸ்டீன் என்ற இரண்டு பேருக்குத்தான் 1985-ல் நோபல் பரிசு. நிறைவுற்ற கொழுப்பு கூடும்போது இந்த வாங்கிகளின் வேலை மந்தமாகிறது, அப்போது எல்டிஎல் ரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். அந்த இடத்தில் கடலை எண்ணெய், நல்லெண்ணெய் போல நிறைவுறாக் கொழுப்பு வந்தால் திரும்பச் சுறுசுறுப்பாகும். செக்கில் ஆட்டியதா ரீஃபைண்டா என்பது இதில் பெரிய வித்தியாசம் இல்லை. வாசனையும் வைட்டமின் ஈ போன்ற சில சத்துகளும் செக்கில் மிஞ்சும், கொழுப்பு அமிலங்கள் அதே விகிதம்தான். பாக்கெட்டில் "கொலஸ்ட்ரால் இல்லாதது" என்று போடுவதும் அப்படித்தான், செடியிலிருந்து வரும் எந்த எண்ணெயிலும் சொல்லும்படி கொலஸ்ட்ரால் கிடையாது.

முதல் முடிவு

டாக்டர் மாத்திரை ஆரம்பிக்கலாம் என்றார். இவர் மூன்று மாதம் டைம் கேட்டார். எல்டிஎல் 190-ஐத் தாண்டியிருந்தால் காத்திருக்கவே விடமாட்டேன், இப்போது காரணம் கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் விட்டுப் பார்க்கலாம் என்று டாக்டர் ஒப்புக்கொண்டார்.

நான் சொன்னது மூன்று: காலை எண்ணெயும் நெய்யும் நிற்கட்டும், சமையல் திரும்பக் கடலை எண்ணெய்க்குப் போகட்டும், அளவைப் பாதியாக்குங்கள். எட்டு வாரம் கழித்து அதே லேபில் ரத்தம். மனைவிக்குச் சூரியகாந்தி எண்ணெய் மட்டும் போதுமே என்று ஒரு எண்ணம். அதில் நிறைவுற்றது இன்னும் குறைவுதான், ஆனால் கடலை எண்ணெய் வாசனைக்குப் பழகிய வீட்டில் அது இரண்டு வாரம்கூடத் தாங்காது என்று தோன்றியது.

எடுத்த கொழுப்பின் இடத்தில் என்ன வரும் என்று நான் கேட்கவில்லை. அந்தக் கேள்விதான் முழு விஷயமே, அதைக் கேட்காமல் அனுப்பிவிட்டேன்.

எட்டு வாரம் கழித்து

2024 நவம்பர் ஆரம்பம், தீபாவளி முடிந்த பத்து நாளில். மொத்தம் 206, எல்டிஎல் 120, எச்டிஎல் 34, ட்ரைகிளிசரைடு 260.

போனில் அவர் குரலே வேறாக இருந்தது. 173-லிருந்து 120. பையனுக்கெல்லாம் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார். எனக்கும் ஒரு நிமிஷம் சந்தோஷம்தான். அப்புறம் அந்த 260 கண்ணில் பட்டது.

மொத்தத்திலிருந்து எச்டிஎல்லைக் கழித்தால் வருவது, ரத்தக்குழாயைக் கெடுக்கக்கூடிய எல்லாத் துகள்களுக்குமான கணக்கு. 2023-ல் அது 169. தேங்காய் எண்ணெய்க் காலத்தில் 208. இப்போது 172. அதாவது இவ்வளவு கஷ்டப்பட்டு அவர் வந்து சேர்ந்தது புறப்பட்ட இடத்துக்கு, அதற்கும் மூன்று மேலே. மொத்தத்தை எச்டிஎல்லால் வகுத்தால் 5.6 ஆக இருந்தது 6-ஐத் தாண்டிவிட்டது, அது இன்னும் மோசம். ரிப்போர்ட்டில் எல்டிஎல் எண் அழகாக இருந்ததற்கு ஒரு காரணம் அது அளந்தது இல்லை என்பது. பெரும்பாலான லேபில் மொத்தத்திலிருந்து எச்டிஎல்லையும் ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்து எழுதுகிறார்கள், 1972-லிருந்து இருக்கும் சூத்திரம். ட்ரைகிளிசரைடு ஏற ஏற அந்தக் கழித்தல் பெரிதாகிறது, எல்டிஎல் சின்னதாகத் தெரிகிறது.

மனைவியை வரச் சொல்லி ஒரு நாள் முழுக்க கணவர் என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டேன். நான் பாதியாக்கச் சொன்ன எண்ணெயை அவர் சுத்தமாக நிறுத்தியிருந்தார். அவருக்கு மட்டும் தனிச் சமையல், தாளிக்காத குழம்பு, ஆவியில் வைத்த காய். காலையில் இட்லிக்குப் பொடி கூடாது (நல்லெண்ணெய் ஊற்ற வேண்டுமே), அதனால் சர்க்கரை தொட்டு ஆறு இட்லி, இல்லையென்றால் பிரெட்டும் ஜாமும். மதியம் தாளிப்பில்லாத குழம்புக்கு வயிறு நிறையாமல் இன்னொரு முறை சோறு. பதினொரு மணிக்கு டீயோடு ரஸ்க், நாலு மணிக்கு டீயோடு வர்க்கி. "வர்க்கியில எண்ணெய் இல்லீங்களே, காய்ஞ்சுதான இருக்குது?" என்றாராம். இரவு பசிக்கிறது என்று இரண்டு பழமும் ஒரு டம்ளர் ஜூஸும்.

வர்க்கி காய்ந்து இருப்பது உண்மை. அந்த மடிப்பு மடிப்பான மொறுமொறுப்பு டால்டாவால் வருகிறது என்பது அவருக்குத் தெரியவில்லை. 2022 ஜனவரியிலிருந்து எண்ணெய், வனஸ்பதியில் டிரான்ஸ் கொழுப்பு (எண்ணெயைக் கட்டியாக்கும்போது உருவாகும் கெட்ட கொழுப்பு) 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி இருக்கிறது, நல்ல விதி. டிரான்ஸ் எல்டிஎல்லை ஏற்றி எச்டிஎல்லை இறக்கும் என்று 1990-லேயே நெதர்லாந்தில் காட்டியாகிவிட்டது. ஆனால் டிரான்ஸ் போனாலும் வனஸ்பதி வனஸ்பதிதான், கட்டியாக நிற்க வேண்டுமென்றால் நிறைவுற்றது உள்ளே இருந்தாக வேண்டும்.

பெரிய அடி மைதாவும் சர்க்கரையும் கூடுதல் சோறும்தான். கொழுப்பை எடுத்துவிட்டு அந்தக் கலோரியை மாவுச்சத்தில் நிரப்பினால் எல்டிஎல் குறையும், கூடவே எச்டிஎல்லும் குறையும், ட்ரைகிளிசரைடு ஏறும். 60 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த 2003-ம் வருட ஆய்வில் இது தெளிவாக இருக்கிறது: நிறைவுற்ற கொழுப்புக்குப் பதில் மாவுச்சத்து வந்தால் மொத்தத்துக்கும் எச்டிஎல்லுக்கும் உள்ள விகிதம் மாறுவதில்லை, நிறைவுறாக் கொழுப்பு வந்தால்தான் இறங்குகிறது. நான் படித்து, பரீட்சை எழுதி, பத்துப் பேருக்குச் சொல்லியும் கொடுத்த விஷயம். எதையும் அரைகுறையாகச் செய்யாத ஒரு மனிதரிடம் "குறையுங்கள்" என்ற ஒரு வார்த்தையை மட்டும் கொடுத்து அனுப்பினேன்.

இரண்டாவது முடிவு

அவரிடம் எண்ணெயைத் திரும்ப ஊற்றச் சொன்னபோது என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

இந்தத் தடவை அளவை ஆளுக்குப் பேசவில்லை, வீட்டுக்குப் பேசினோம். மாதம் ஒன்றரை லிட்டர் கடலை எண்ணெய், ஒரு லிட்டர் நல்லெண்ணெய். ஒன்றாம் தேதி வாங்குவது, தீர்ந்தால் அடுத்த ஒன்றாம் தேதிதான். ஆளுக்கு ஒரு நாளைக்கு 23 கிராம் வருகிறது. தூக்கில் கிடந்த குழிக்கரண்டியை எடுத்துவிட்டு டீ ஸ்பூன் போட்டார் மனைவி, இதை நான் சொல்லவில்லை, அவரே செய்தது. இரண்டு எண்ணெய் ஏன் என்றால், கடலை எண்ணெயில் ஒற்றை நிறைவுறாக் கொழுப்பு கூடுதல், நல்லெண்ணெயில் அதுவும் பன்மை நிறைவுறாக் கொழுப்பும் கிட்டத்தட்ட சரிபாதி. அதைவிட முக்கியக் காரணம், இட்லிப் பொடி திரும்ப வந்தால் சர்க்கரை போகும்.

தனிச் சமையல் நிறுத்தம். சட்னி ஒரு நாள் தேங்காய், ஒரு நாள் நிலக்கடலை, ஒரு நாள் தக்காளி. ரஸ்க்குக்கும் வர்க்கிக்கும் பதில் கடைக்கு ஒரு டப்பாவில் வறுத்த நிலக்கடலை ஒரு கைப்பிடி, மாலையில் கொள்ளோ பச்சைப்பயறோ சுண்டல். டீயில் சர்க்கரை அரை ஸ்பூன். சோறு ஒரே தடவை, காய் இரண்டு மடங்கு. பாமாயில் பாக்கெட்டைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. பொரிப்பது மாதம் இரண்டு நாள், சின்ன வாணலியில், மிஞ்சிய எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சாமல். இரவு கடை அடைத்ததும் வீட்டுக்கு வண்டியில் வராமல் நடந்து வருவது என்று அவராகச் சேர்த்துக்கொண்டார். இது கணக்கைக் குழப்பும் என்று எனக்குத் தெரியும், அதற்காக ஒருத்தரை நடக்காதே என்று சொல்ல முடியுமா?

பின் நடந்தது

2025 பிப்ரவரி, பன்னிரண்டு வாரம் கழித்து, அதே லேப். மொத்தம் 189, எல்டிஎல் 116, எச்டிஎல் 40, ட்ரைகிளிசரைடு 165. எடை 75 கிலோ. மொத்தத்தில் எச்டிஎல் போக 149, விகிதம் 4.7. இந்த எண்களில் எதுவும் 2023-ஐ விட மோசமாக இல்லை.

எல்டிஎல் நவம்பரிலிருந்து 4 மட்டுமே குறைந்திருக்கிறது, அதை நான் குறைந்தது என்றே சொல்ல மாட்டேன், தானாக ஏறி இறங்கும் அளவுக்குள் இருக்கிறது. மாறியது ட்ரைகிளிசரைடும் எச்டிஎல்லும். அதில் எவ்வளவு எண்ணெய் மாற்றத்தால், எவ்வளவு மைதாவும் சர்க்கரையும் போனதால், எவ்வளவு நடையாலும் எடைக் குறைவாலும் என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் இந்த விலையைக் கொடுத்துதான் ஆகணும். எல்டிஎல் 173-லிருந்து இறங்கியதில் மட்டும் எனக்குச் சந்தேகம் குறைவு, 57 கிராம் நிறைவுற்ற கொழுப்பு நாலு கிராம் அளவுக்கு வந்ததுதான் அதில் முக்கால்வாசி.

மனைவிக்கு 126 இருந்தது 117. அவரும் அதே சமையலைத்தான் சாப்பிட்டார், காலைக் கரண்டியும் நெய்யும் மட்டும் இல்லை. 9 என்பது இயல்பான ஏற்ற இறக்கமாகவும் இருக்கலாம். ஒரே அடுப்பில் வெந்ததைச் சாப்பிட்டாலும் ஒரே மாதிரி ஏறுவதில்லை, சிலருக்கு உடம்புவாகு அப்படி.

டாக்டர் மாத்திரை எழுதினார். இவருக்கு அதில் வருத்தம். இவ்வளவு செய்தும் மாத்திரையா என்று கேட்டார். அப்பா 53 வயதில் போனதும், சர்க்கரை வாசலில் நிற்பதும் சேர்ந்தால் 116 போதாது என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். நான் கூடவே இருந்தேன். என் வேலையைக் குறைத்துச் சொல்கிற மாதிரி எனக்குப் படவில்லை. எண்ணெயால் வந்ததை எண்ணெயால் இறக்கினோம், அப்பாவிடமிருந்து வந்ததை எந்த எண்ணெயும் இறக்காது. எண் குறைந்தால் மட்டும் போதுமா என்பதற்கும் ஒரு பழைய உதாரணம் உண்டு. அமெரிக்காவில் மினசோட்டாவில் 1968 முதல் 1973 வரை நடந்த சோதனையில் நிறைவுற்ற கொழுப்புக்குப் பதில் சோள எண்ணெய் கொடுத்துக் கொலஸ்ட்ராலை நன்றாகவே இறக்கினார்கள், இறப்பு குறையவில்லை. அந்தச் சோதனையில் நிறையப் பேர் நடுவிலேயே விலகிப் போய்விட்டார்கள், குறைகள் பல உண்டு, மற்ற ஆய்வுகள் வேறு விதமாகச் சொல்கின்றன. ஆனாலும் எண்ணெய் ஒன்றை மாற்றிவிட்டு இதயம் தப்பித்தது என்று யாரிடமும் நான் சொல்வதில்லை.

ஸ்டாட்டின் (டாக்டர் எழுதிய அந்தக் கொலஸ்ட்ரால் மாத்திரை) ஆரம்பித்து எட்டு வாரத்தில், ஏப்ரலில், எல்டிஎல் 74.

இனி நான் மாற்றிச் செய்வது

ஏற்கனவே மாற்றிவிட்டேன். எதையாவது நிறுத்தச் சொல்லும்போது அதே வாக்கியத்தில் அந்த இடத்தில் என்ன என்று சொல்லி, அவர்களைத் திருப்பிச் சொல்ல வைக்கிறேன். வீட்டில் சமைப்பவர் இல்லாமல் முதல் சந்திப்பையே வைப்பதில்லை, இந்த வீட்டில் எனக்குத் தேவையான தகவல் எல்லாம் கோடு போட்டுவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தவரிடம்தான் இருந்தது. ரிப்போர்ட் ஒன்றை மட்டும் நம்பி முடிவு எடுக்காமல், அவசரம் இல்லையென்றால் இரண்டு வாரம் விட்டு இன்னொன்று எடுக்கச் சொல்கிறேன். 2023 முகாம் ரிப்போர்ட்டும் 2024 ரிப்போர்ட்டும் வேறு வேறு லேப் என்பது இன்றைக்கும் எனக்கு உறுத்தல்தான். எல்டிஎல்லைப் பார்க்கும் முன் ட்ரைகிளிசரைடைப் பார்க்கிறேன். நாலு வாரத்தில் ஒரு போன் பண்ணியிருந்தால் சர்க்கரை தொட்ட ஆறு இட்லி அப்போதே தெரிந்திருக்கும், எட்டு வாரம் போயிருக்காது. இப்போது நாலாவது வாரம் போன் பண்ணுகிறேன், எடுத்தவுடன் "டீயோட என்ன சாப்பிடறீங்க?" என்றுதான் கேட்கிறேன்.

தேங்காய் எண்ணெயைக் கூடாது என்று சொல்வதும் இல்லை. அவியலுக்கு ஒரு ஸ்பூன் மேலே ஊற்றினால் ஒன்றும் ஆகாது. இந்த வீட்டில் அது மருந்தாகவும் சமையலாகவும் குடிக்கும் பொருளாகவும் ஒரே சமயத்தில் ஆனதுதான் சிக்கல்.

மூன்றாவது டின் முக்கால்வாசி அப்படியே இருந்தது. அம்மா அதைத் தன் அறைக்கு எடுத்துப் போய்விட்டார், தலைக்கும் விளக்குக்கும் இரண்டு வருடத்துக்கு வரும் என்கிறார். பொள்ளாச்சி அண்ணனிடம் இனி டின் அனுப்ப வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்பதுதான் வீட்டில் பெரிய பிரச்சினையாக இருந்ததாம். மனைவி சொல்லவில்லை. இந்த வருடம் இளநீராக அனுப்புங்கண்ணா, இவருக்கு வெயில் ஆகமாட்டேங்குது என்றிருக்கிறார்.